நேரடியாகத் தெரிந்தவர்கள்

பொதுவலை நெறிமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுப்பு என்றால் ஆள் சேர்க்க வேண்டும், ஆள் சேர்த்தால் பிரியாணி போட வேண்டும், பிரியாணி போட்டால் அது அரசியல். ஆகவே மன்றத்தை ஆரம்பித்த மகான்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தலைவர் ஒரு கேள்வி கேட்பார். சம்மதம் உள்ளவர்கள் கண்ணை மூடி, வாயைத் திறக்காமல், 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். பிறகு எதிர்ப்பாளர்கள் முனக வேண்டும். எந்த முனகல் பெரிது என்று தலைவர் காதாலேயே அளந்து தீர்ப்புச் சொல்வார். யார் எதற்கு முனகினார் என்று பக்கத்து நாற்காலிக்கும் தெரியாது, சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கும் தெரியாது. உலகத்தில் எந்தக் கருவி எந்தக் கருவியோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதெல்லாம், இப்படி நானூறு பேர் பல்வலிக்காரர்களைப் போல முனகித்தான் தீர்மானமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியில் கூட்டம் நடந்த முதல் நாள், சமையலறை ஆட்கள் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த மன்றத்தில் படகுச் செய்திக் குழுவுக்குத் தலைவர் தணிகைவேல். அரசுப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது அவருடைய தொழில். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் விசிட்டிங் கார்டில் தலைவர் பதவி மேலேயும் சம்பளம் தருகிற கல்லூரி கீழேயும் இருந்தன, கல்லூரியின் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில்.

குழுவின் வேலை ஒன்றும் மோசமானதல்ல. புயலில் கரையோரக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டால் கடலில் இருக்கிற படகுகளுக்கு எதுவும் கேட்காது. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி இருந்து, பக்கத்துப் படகிடம் செய்தியைக் கைமாற்றி, அது அடுத்த படகுக்குக் கைமாற்றி, இப்படியே கரைக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பேச்சுமுறையைத்தான் குழு மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்தால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செய்யலாம். இந்தக் கூட்டத்தில் கடைசி முனகல்.

முனகலுக்கு முன்னால் இன்னொரு வழக்கம் உண்டு. ஊர் கூடி ஒரு சத்திரம் கட்டுகிறது. கடைசி ஓடு வேய்ந்த பிறகு ஒருவர் சாவகாசமாக வந்து, "நடுத்தூண் என்னுடையது, வாடகை எடுங்கள்" என்றால் எப்படி இருக்கும்? காப்புரிமை என்பது அந்தத் தூண். ஆகவே தலைவர் சபையைப் பார்த்துக் கேட்க வேண்டும்: "இந்த வரைவில் எவருடைய காப்புரிமையாவது இருப்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லவும்."

நேரடியாக என்ற வார்த்தையை மகான்கள் கருணையினால் போட்டார்கள். பெரிய கம்பெனி ஒவ்வொன்றும் காப்புரிமைகளை மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறது, அத்தனையும் ஒரு பொறியாளருக்கு எப்படித் தெரியும், பாவம், தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்று. கம்பெனிகளும் கருணையைப் புரிந்துகொண்டன. தெரிந்தவன்தானே சொல்ல வேண்டும்? தெரிந்தவனைத் தெரியாதவனாக்கிவிட்டால்?

முதலில் ஒன்றும் தெரியாத ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மைக்கின் முன்னால் நிற்கவும் தெரியவில்லை. பிறகுதான் 'அறிவுத் தூய்மை' வந்தது. தலையில் ஒரு தொப்பி. ஒரு மணி நேரம். குறிப்பிட்ட ஒரு விஷயத்தின் நினைவு மட்டும் அடங்கிவிடும். அடங்கியதை எழுப்புகிற சாவி கம்பெனியிடம் இருக்கும். கூட்டம் முடிந்ததும் எழுப்பிக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி இதில் ஒரு மாசு மருவும் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பொய்யா?

தணிகைவேலின் மனைவி சுடர்விழி, ஏழ்கடல் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனியில் முதன்மைப் பொறியாளர். கூட்டத்துக்குக் கம்பெனியின் பிரதிநிதி. தொப்பி போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே கூடத்துச் சுவரைப் பார்த்தாள். சந்தன மாலைக்குள்ளிருந்து அவளுடைய அப்பா கலியபெருமாள், மின்வாரிய லைன்மேனுக்கே உரிய சந்தேகத்தோடு, எதிர்ச்சுவர் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தணிகை, அப்பா எப்படிப் போனாரு?"

தணிகைவேலுக்குப் புரையேறியது. "என்ன கேள்வி இது?"

"போயிட்டாருன்னு தெரியுது. மாலை போட்டிருக்கு, பென்ஷன் நின்னுபோச்சு, எல்லாம் தெரியுது. ஆஸ்பத்திரில லிஃப்ட் வேலை செய்யலை, படியேறினேன். ரூம் கதவைத் தொறந்தேன். அதுக்கப்புறம் பார்த்தா சொந்தக்காரங்க பந்தில உக்காந்து ரசம் கேக்கறாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லை. கதவு, ரசம். அவ்வளவுதான்."

"நேத்து தொப்பி போட்டாங்களே..."

"அது ஏதோ காப்புரிமை சமாச்சாரம். என்ன சமாச்சாரம்னு இப்ப எனக்குத் தெரியாது. அதுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் என்னவென்று தணிகைவேலுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி அறையில் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரே நேரத்தில், பெரியவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார். சுடர்விழி போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாளாம். "எல்லாரும் வாயை மூடுங்க! யாருக்கு மூச்சு கம்மியா இருக்கோ அவங்க மொதல்ல பேசட்டும்!" பிறகு குனிந்து அப்பாவின் வாயருகே காதை வைத்தாள். அவர் ஏதோ சொன்னார். அன்று சாயங்காலம் போய்விட்டார். தணிகைவேல் அப்போது ஹெல்சிங்கியில் முனகிக்கொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சுடர்விழி இதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி நின்றுவிட்டாள். "கருவிக்கும் இதேதான் தணிகை. எல்லாம் ஒரே நேரத்துல கத்தினா யாருக்கும் கேக்காது. பாட்டரி சாகப்போற கருவிக்கு மொதல் வார்த்தை குடுத்துட்டா? மத்தது அப்புறம் பேசிக்கலாமே." அடுத்த மாதம் ஏழ்கடல் அதற்குக் காப்புரிமை எடுத்தது. 'வளக்குறைவுச் சூழலில் முன்னுரிமைப் பங்கீட்டு முறைமையும் அதற்கான ஏற்பாடும்' என்று தலைப்புப் போட்டார்கள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

போன வருஷம் அதே யோசனையை ஏழ்கடலிலிருந்து வந்த வேறொருவர், தூய்மை செய்யப்பட்ட தலையோடு, கம்பெனி கொடுத்தனுப்பிய காகிதத்தைப் பார்த்து, கூட்டத்தில் கபடமில்லாமல் முன்மொழிந்தார். அது வரைவில் ஏழாம் பகுதியாக உட்கார்ந்துவிட்டது. தணிகைவேல் பார்த்தார். கம்பெனியே சொல்லிவிடும் என்று இருந்தார். சும்மா இருப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்றாள் சுடர்விழி.

"சொன்னாராம். உன் காதுல."

"என்னன்னு?"

"நீ யார்கிட்டயும் சொல்லலை."

"உன்கிட்டக்கூடவா?"

"ரெண்டு தடவை கேட்டேன். அப்புறம் சொல்றேன்னே."

"சரியான அழுத்தக்காரியா இருந்திருக்கேன்." இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். கை கழுவப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பா செத்த அன்னிக்கு நான் அழுதேனா தணிகை?"

அதுவும் அவருக்கு நேரடியாகத் தெரியாது.

கூட்டத்தின் இரண்டாம் நாள், காபி மேஜையருகே ஹரிஹரசுதன் வந்து தணிகைவேலின் தோளைத் தொட்டார். ஏழ்கடலின் வக்கீல். அறிவுத் தூய்மைப் பிரிவின் முதுநிலைத் துணைத்தலைவர். முகத்தில் எப்போதும், இப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவரைப் போல ஒரு பளபளப்பு.

"மேடம் எப்படி இருக்காங்க சார்?"

"அப்பா செத்ததை மறந்துட்டாங்க."

"அடடா. பக்க இழப்பு." வக்கீல் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். "ஜனங்க நினைவுன்னா அலமாரின்னு நெனச்சுக்கறாங்க. ஒரு தட்டை மட்டும் உருவிடலாம்னு. அது சாம்பார் மாதிரி சார். ஒரு முருங்கைக்காயை எடுத்தா கூட நாலு பருப்பும் ஒட்டிக்கிட்டு வரும்."

"அவங்கப்பா பருப்பா?"

"உவமை சார், உவமை."

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"கூட்டம் முடிஞ்ச மறுநாள். ஒப்பந்தத்துல இருக்கு. ஒப்பந்தம்னதும் ஞாபகம் வருது. தன் கண்டுபிடிப்பைப் பத்தி வெளியாள் யார்கிட்டயும் பேசினதில்லைன்னு மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேசியிருந்தா ஒப்பந்த மீறல். மீறல்னா மீட்பு கிடையாது. மீட்பு உரிமை இல்லை சார், சலுகை."

"புருஷனும் வெளியாளா?"

"புருஷன்தான் சார் மொதல் வெளியாள். கேஸெல்லாம் அங்கேருந்துதானே வருது." பிஸ்கட்டைக் காபியில் நனைத்தார். "நாளைக்கு நீங்க அந்தக் கேள்வியைக் கேப்பீங்க. கேக்கணும், அதுதானே முறை. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுவாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நாங்க திருப்பிக் கேப்போம். அதுவும் முறைதான்."

பிஸ்கட் பாதி ஒடிந்து காபிக்குள் விழுந்தது. வக்கீல் அதை ஸ்பூனால் மரியாதையோடு மீட்டார்.

தணிகைவேல் கையில் காபியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். கணக்கு எளிது. வாயைத் திறந்தால், அவருக்குத் தெரிந்தது மொட்டை மாடி வழியாகத்தான் என்று ஆகிவிடும். ஒரு கிழவர் கடைசியாகச் சொன்னது உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலை பூட்டப்பட்டுவிடும். வாயைத் திறக்காவிட்டால், படகுக்காரர்கள் கருவியெல்லாம் மாட்டி முடித்த பிறகு ஏழ்கடல் வந்து தூணுக்கு வாடகை கேட்கும்.

இந்த நேரம் பார்த்துத்தானா தூத்துக்குடி ராயன் எதிரே வர வேண்டும்? மீனவர் சங்கத்தின் பட்டறையில் இந்தக் கருவியைச் செய்கிற ஆள். போன புயலில் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்.

"நாளைக்கு முடிச்சிருவியளா அண்ணாச்சி? மழைக்கு முன்ன எல்லாப் படகுலயும் மாட்டிரணும். சர்க்காரு இலவசமாக் குடுக்கும், கம்பெனிக்காரன் குடுப்பாம்னு காத்துக் கெடந்ததெல்லாம் போதும். இது ஒண்ணுதான் எவன்ட்டயும் கேக்காம நம்மளே செஞ்சிக்கிடலாம்."

"முடிச்சிடலாம்," என்றார் தணிகைவேல்.

குழுவின் செயலாளர் மெஹருன்னிசாவிடம் போய் நின்றார். வாணியம்பாடிக்காரி. மன்றத்தின் விதிகளை மன்றத்தைவிட நன்றாக அறிந்தவள்.

"மெஹர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு ஆளுக்கு ஒரு விஷயம் தெரியும். சொன்னா வீட்ல ஒருத்தருக்குப் பெரிய நஷ்டம். விதி என்ன சொல்லுது?"

மெஹருன்னிசா மடிக்கணினியிலிருந்து நிமிரவில்லை. "விதில வீடுன்னு ஒரு வார்த்தையே இல்லை சார்."

"அப்படியா."

"தலைவருக்குத் தனிச் சலுகையும் இல்லை," என்றாள். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அரங்கம் நிரம்பியிருந்தது. ஏசி இரைந்துகொண்டிருந்தது. தணிகைவேல் மேடையேறிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேள்வியைப் படித்தார். நேரடியாகத் தெரியுமா, தெரிந்தவர்கள் சொல்லவும். கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முறை.

மூன்றாவது வரிசையில் சுடர்விழி உட்கார்ந்திருந்தாள். கழுவித் துடைத்த சிலேட்டைப் போல முகம். கேள்வியைக் கவனமாகக் கேட்டாள், ஒரு கணம் யோசித்தாள், நேர்மையாக உதட்டைப் பிதுக்கினாள். கடைசி வரிசையில் ஹரிஹரசுதன் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ராயன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'எனக்குத் தெரியும்' என்ற வாக்கியம் தணிகைவேலின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவர் டம்ளரை எடுத்தார். வாக்கியம் தண்ணீரோடு உள்ளே போயிற்று. டம்ளரை முழுதாகக் குடித்தார். ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. மன்றத்தின் சரித்திரத்தில் எந்தத் தலைவரும் இவ்வளவு நிதானமாகத் தண்ணீர் குடித்ததில்லை.

"யாருமில்லை. குறிச்சுக்குங்க," என்றார்.

மெஹருன்னிசா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டாள். தொப்பி, சாவி, மின்சாரம் எதுவும் இல்லாமலே ஒரு மனிதன் தெரியாதவனாகலாம் என்பதை அறிவுத் தூய்மைப் பிரிவு அன்று கண்ணால் பார்த்தது.

"முனகலுக்கு முன்னால் யாராவது பேச வேண்டுமா?"

சுடர்விழி எழுந்து மைக்கை நோக்கி நடந்தாள்.

"ஏழாம் பகுதி," என்றாள். "பாட்டரி கம்மியா இருக்கற கருவி மொதல்ல பேசணும்னு எழுதியிருக்கு. யார் யோசிச்சதுன்னு தெரியலை. நல்ல மனசுக்காரங்களா இருப்பாங்க. ஆனா சரியான மக்கு."

சபை சிரித்தது. தணிகைவேல் காலி டம்ளரை எடுத்து மறுபடி குடித்தார்.

"பாட்டரி கம்மின்னு யார் சொல்றா? அந்தக் கருவியேதான் தன்னைப் பத்திச் சொல்லிக்குது. எனக்கு மொதல்ல பேசணும்னா, ஐயோ நான் சாகக் கெடக்கேன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போறேன். நாலு பேர் அப்படி ஆரம்பிச்சா, அப்புறம் கடல்ல ஒரு கருவிக்கும் ஆரோக்கியம் இருக்காது. நெசமாவே சாகறவன் மறுபடி வரிசைல கடைசி."

பக்கத்து மைக்கில் ராயன் எழுந்தார். "அக்கா சொல்லுதது நெசம். எங்கூர்ல நிவாரணம்னு சொல்லிட்டா போதும், முழுப் படகையும் ஒடஞ்ச படகுன்னுதான் எழுதிக் குடுப்பான். நானே குடுத்திருக்கேன்."

"சரி, மாற்று என்ன?" என்று தணிகைவேல் கேட்டார். கேட்கிற கடமை தலைவருக்கு உண்டு. குரல் மட்டும் யாருடையதோ போலிருந்தது.

சுடர்விழி கூரையைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்தாள். அந்த முகம் தணிகைவேலுக்குத் தெரியும். ஈரத்துண்டு ஒன்றுதான் தோளில் இல்லை. கம்பெனி எடுத்துக்கொண்டது அவள் யோசித்ததை; யோசிக்கிற தலையை அவளிடமே விட்டுவிட்டிருந்தது.

"சாகறவனையே கேக்கக் கூடாது," என்றாள் மெதுவாக. "அக்கம்பக்கத்தைக் கேக்கணும். ஒவ்வொரு கருவியும், தன்னைச் சுத்தி யார் குரல் இதுவரைக்கும் ரொம்பக் கம்மியாக் கேட்டுதுன்னு மட்டும் கவனிச்சுக்கட்டும். யாரை யாருமே சரியாக் கேக்கலையோ, அவனுக்காக மத்தவன் வாயை மூடணும். அவன் தன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லிக்க வேணாம். நிரூபிக்க வேணாம். பொய் சொல்ல எடமே இல்லை. நாம அவனைக் கேட்டோமாங்கறது நமக்குத் தெரியும்ல?"

அரங்கத்தில் அங்கங்கே, "அட", "ஆமாம்ல", "இவ்வளவுதானா" என்று கிளம்பியது. நல்ல யோசனைக்குப் பொறியாளர்கள் தருகிற அதிகபட்ச மரியாதை 'இவ்வளவுதானா' என்பதுதான்.

கடைசி வரிசையிலிருந்து ஹரிஹரசுதன் கிட்டத்தட்ட ஓடிவந்தார். "தலைவர் அவர்களே! ஆட்சேபம்! எங்கள் ஊழியர் பணிநேரத்தில் சிந்தித்த சிந்தனை நிறுவனத்தின் சொத்து."

"மைக்ல சொன்னது அந்த நொடியிலயே பொதுச் சொத்து சார்," என்றாள் மெஹருன்னிசா. "கழுத்துல தொங்குதே அடையாள அட்டை, அதைத் திருப்பிப் பாருங்க, விதி அச்சடிச்சிருக்கு. படிக்காம மாட்டிக்கிட்டது உங்க தப்பு."

"அப்படியானால் ஏழாம் பகுதியை நீக்குவதை ஆட்சேபிக்கிறேன்! ஏழாம் பகுதி மிக முக்கியமான..."

"ஏன் சார்?" மெஹருன்னிசா முதல்முறையாக மடிக்கணினியை மூடினாள். "ஏழாம் பகுதியைப் பத்தி உங்களுக்கு நேரடியா ஏதாவது தெரியுமா?"

வக்கீலின் வாய் திறந்தது. சட்டம் முழுவதும் அந்த வாய்க்குள் அணிவகுத்து நின்றது, ஒன்றாலும் வெளியே வர முடியவில்லை. மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

தணிகைவேல் முனகலுக்கு அழைத்தார். ஏழாம் பகுதியை அம்மையார் சொன்னபடி மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே ஏற்பவர்கள்? கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. எதிர்ப்பவர்கள்? பின்வரிசையில் ஒற்றைக் கொசு. நிறைவேறிற்று. ராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் சோழிங்கநல்லூர் தூய்மை நிலையத்தில் ஒரு தடங்கலும் நேரவில்லை. ஒப்பந்தம் மீறப்படவில்லையே. ஹரிஹரசுதன் தாமே வந்து வாசல் வரை வழியனுப்பினார். பழைய பளபளப்பு முகத்துக்குத் திரும்பியிருந்தது. "மேடத்தோட மூளை எங்க நிறுவனத்தின் பொக்கிஷம்," என்றார்.

சுடர்விழி காரில் ஏறினாள். வழியில் ஒரு பழரசக் கடையைக் காட்டினாள். நிறுத்தினார். சாத்துக்குடி இரண்டு சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"வந்துடுச்சா?" என்றார் தணிகைவேல்.

"வந்துடுச்சு."

"அப்பா?"

"டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா."

"என்னது?"

"அதான் சொன்னாரு. பக்கத்து பெட்காரர் கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அத்தனை பேரையும் அதட்டி அடக்கிட்டு, காதைக் கொண்டுபோய் வெச்சா, 'டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா'. போய்க் குறைச்சேன். நிம்மதியாக் கண்ணை மூடினாரு. வெளில வந்தா எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க, என்ன சொன்னாரு என்ன சொன்னாருன்னு. சித்தி ஆசீர்வாதமாம்மான்னு கேட்டாங்க. நான் என்னத்தைடா சொல்றது?"

தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். அவள் முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள், பிறகு வந்தது சிரிப்புத் தண்ணீர்தானா என்று சொல்ல முடியவில்லை. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அழுதேன் தணிகை," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கேட்டேன்ல உன்னை. லிஃப்ட் இல்லாத அந்தப் படில உக்காந்து அழுதேன்."

சாத்துக்குடி வந்தது. அவள் தொடவில்லை.

"மொட்டை மாடியும் வந்துடுச்சு."

தணிகைவேல் ஸ்ட்ராவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட சொல்லியிருக்கேன். அப்ப நேத்து நீ மேடைல தண்ணி குடிச்சியே, உனக்குத் தெரியும்."

அவரிடம் பதில் தயாராக இருந்தது. கடமை, குடும்பம், தர்மசங்கடம் என்று மூன்று பத்தியில், இரவெல்லாம் படுத்துக்கொண்டு எழுதிய நல்ல பதில். "தெரியும்," என்றார்.

"எனக்காகவா?"

"அப்படித்தான் நெனச்சேன்."

"டிவி சத்தத்துக்காக."

"டிவி சத்தம்னு எனக்கெப்படித் தெரியும்?"

"வேதாந்தமாவே சொல்லியிருந்தாலும்தான். அந்த ராயன் உன்னையே பாத்துக்கிட்டிருந்தாரு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பகுதிதான் போயிடுச்சே சுடர். உன்னாலதான் போச்சு. யாருக்கும் நஷ்டமில்லை."

"நீ நெசமாவே அப்படி நெனச்சியா? ஏழாம் பகுதி போன கோபத்துல அந்த வக்கீல் என்னை ஒரு மாசமாவது இழுத்தடிச்சிருக்கணும். காருக்குக் கதவு தொறந்துவிடறான். ஏன்?"

தணிகைவேல் ஸ்ட்ராவை வைத்தார்.

"ஒன்பதாம் பகுதி," என்றாள் சுடர்விழி. "கரைக்கு வந்து சேர்ற செய்தில எதை மொதல்ல காட்டணும்னு அடுக்கறது. என் டீம்ல கோகுல்நாத் யோசிச்சது. ஏழ்கடல் காப்புரிமை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. தொப்பி போட்டப்ப ரெண்டையும் சேத்துத்தான் அடக்கினாங்க. நேத்து நீங்க எல்லாரும் ஜன்னல் அதிர முனகினீங்களே, அதுல ஒன்பதும் நிறைவேறிடுச்சு. நானும்தான் முனகினேன்."

"போன வாரம் இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சேதான் போய்த் தலையைக் குடுத்தேன். ஒரு மணி நேர வேலை, எல்லாரும் பண்றாங்க, பொய் சொல்ல வேண்டியதில்லைன்னு. நானும் யோக்கியம் இல்லை. அவங்க எடுக்கறது அவங்களோடதை மட்டும்தான்னு நெனச்சுட்டேன்."

சாலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று போயிற்று. ஜன்னலோரம் வரிசையாகத் தலைகள். எந்தத் தலையில் எது அடங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

"சொன்னா உன் வேலை போயிடும்," என்றார்.

"போகும்."

"கோகுல்நாத்துக்கும் கஷ்டம்."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"மன்றம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கும். நேத்து ஏழாம் பகுதிக்கு ஏன் வாயை மூடிக்கிட்டிருந்தேன்னு அடுத்த கேள்வி வரும்."

"வரும். தலைவர் பதவியும் போகும்னு நெனைக்கறேன்."

"இதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

"இருந்திருக்கலாம்." சுடர்விழி சாத்துக்குடியை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தாள். "சொல்லிட்டேன். இப்ப உனக்குத் தெரியும்."

தணிகைவேல் போனை எடுத்து மெஹருன்னிசாவைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்." பின்னால் குக்கர் சத்தம், குழந்தைகளின் கூச்சல், யாரோ மாமியார் மாதிரி ஒருவரின் குரல்.

"மெஹர், ஒன்பதாம் பகுதி விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நேத்தே முடிஞ்சுபோச்சே சார்."

"முடியலை."

கேட்டுவிட்டால் கேட்காததாக ஆக்க முடியாது என்பது மெஹருன்னிசாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனி அவள் தலையிலும் அது இருக்கும். குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் மெஹருன்னிசா. "அடுப்பை அணைச்சுட்டு வரேன்." விசில் அடங்கியது. "சொல்லுங்க."